எரிக் கான்டெல் மனநோயாளிகளுக்கு உண்மையில் என்ன கொடுத்தார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்த உங்கள் தங்கை மகன் மனநல மருத்துவத்தில் எம்.டி. சேரப் போகிறான். அதற்கப்புறம் எரிக் கான்டெல் போல மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சிக்குப் போவேன் என்கிறான். கான்டெல் யாரென்று தேடினால் நோபல் பரிசு வாங்கிய மனநல மருத்துவர் என்கிறார்கள், கூடவே பல பத்தாண்டுகள் கடல் நத்தையை ஆராய்ந்தவர் என்றும் சொல்கிறார்கள். "நத்தையை ஆராய்ந்ததால் எந்த மனநோயாளி குணமானார்? பையனை இந்த வழியில் போகவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரில் உட்கார்ந்து அழுகிற ஒரு மனுஷனுக்கு, மரபணு, புரதம் என்று தேடிப்போகிறவரால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேரடியான பதில் இது: கான்டெலின் ஆய்வகத்திலிருந்து மனநோய்க்கு ஒரு மாத்திரைகூட மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆனாலும் அவர் மனநல மருத்துவத்தை விட்டுப் போனவர் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் துறையின் அடிமடியில் இருந்த ஒரு கேள்வியை, பதில் கிடைக்கக்கூடிய இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனவர் அவர். இதை விளக்க நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மனநல மருத்துவர் இல்லை. மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கி, பதினெட்டு வருஷம் சுண்டெலிகளின் மூளையில் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன, எப்போது அடங்குகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவள். கான்டெல் குழு உருவாக்கிய எலி வகைகளோடு பல வருஷம் புழங்கியிருக்கிறேன். எனவே ஆய்வகப் பக்கம் நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனைப் பக்கம் நான் சொல்வது படித்ததும், மனநல மருத்துவர்களான நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய். அதனால் இந்தக் கேள்வியை வெறும் அறிவியல் கேள்வியாக என்னால் பார்க்க முடியாது.

கான்டெல் 1929-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பொம்மைக்கடை வைத்திருந்தார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அந்த நவம்பரில், அவருடைய ஒன்பதாவது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், யூதர்களின் கடைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் அடித்து நொறுக்கிய இரவு வந்தது. குடும்பத்தையே வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 1939-ல் பையன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். நேற்றுவரை பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள் ஒரே நாளில் எப்படி மாறினார்கள் என்ற கேள்வி அவரை விடவே இல்லை. ஹார்வர்டில் அவர் படித்தது உயிரியல் அல்ல, வரலாறும் இலக்கியமும். நாஜி ஆட்சியை மூன்று ஜெர்மன் எழுத்தாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் அவருடைய இளங்கலை ஆய்வேடு. அங்கே ஒரு தோழி மூலம், ஃபிராய்டின் வட்டத்தைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கிரிஸ், மரியான் கிரிஸ் தம்பதியரின் பழக்கம் கிடைத்தது. மனுஷ மனத்தைப் புரிந்துகொள்ள, நோயாளியைப் பேசவைத்து ஆழ்மனத்தை ஆராயும் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வுதான் வழி என்று நம்பி, அதற்காகவே மருத்துவம் படிக்கப் போனார். பெயருக்கு மனநல மருத்துவம் படித்துவிட்டு ஆய்வகத்தில் ஒதுங்கியவர் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. மனம் என்ற கேள்விதான் முதலில் வந்தது, ஆய்வகம் பின்னால் வந்தது.

1955-ல், மருத்துவ மாணவராக, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹாரி கிரண்ட்ஃபெஸ்ட் என்ற நரம்பியலாளரிடம் ஆறு மாதம் வேலை பார்க்கப் போனார். மனத்தின் பகுதிகள் என்று ஃபிராய்டு சொன்ன 'ஈகோ', 'இட்' எல்லாம் மூளையில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கிரண்ட்ஃபெஸ்ட் சிரிக்கவில்லை. மூளையை ஒரு நேரத்தில் ஒரு நரம்பணு என்று பார்க்கச் சொன்னார். 1957 முதல் 1960 வரை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தபோது, ஆல்டன் ஸ்பென்சரோடு சேர்ந்து ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் உள்ள நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். ஏன் ஹிப்போகாம்பஸ்? வலிப்புக்காக அந்தப் பகுதியை அறுத்து எடுத்த ஒரு நோயாளியால் புதிய நினைவு எதையும் சேர்த்துவைக்க முடியவில்லை என்ற செய்தி, உளவியலாளர் பிரெண்டா மில்னரின் ஆய்வு மூலம் 1957-ல் வெளிவந்திருந்தது. அப்படியானால் அங்கே உள்ள நரம்பணுக்களில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. மற்ற நரம்பணுக்கள் மாதிரிதான் துடித்தன. நினைவின் ரகசியம் நரம்பணுவின் தனிக் குணத்தில் இல்லை, ஒன்றோடொன்று அவை இணையும் விதத்திலும் அந்த இணைப்புகள் மாறுவதிலும் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான். கோடிக்கணக்கான இணைப்புகள் பின்னிக்கிடக்கும் ஹிப்போகாம்பஸில் அதைச் சோதிக்கவே முடியாது என்பதும் கூடவே தெரிந்தது.

1960-ல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் மனநல மையத்தில் மனநல மருத்துவப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அந்தக் காலம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். மனக்கிளர்ச்சிக்கு லித்தியம் 1949-ல் வந்துவிட்டது, மனச்சிதைவுக்கு குளோர்புரோமசின் 1952-ல், மனச்சோர்வுக்கு இமிப்ரமின் 1957-ல். எல்லாமே வேறு எதையோ தேடும்போது கிடைத்தவை. மூளைக்குள் இவை என்ன செய்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு. பெரிய மையங்களில் உளப்பகுப்பாய்வுதான் ராஜா. பிள்ளைக்கு மனச்சிதைவு வந்தால் அது தாயின் வளர்ப்பால் வந்தது என்ற கருத்து படித்தவர்களிடமே உலவிய காலம் அது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எழுபதுகளின் கடைசியில் சித்தப்பாவுக்கு நோய் வந்தபோது, எங்கள் பாட்டியிடமும் அதையேதான் சொன்னார்கள், ஒரு டாக்டர் உட்பட. பாட்டி சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தாள்.

1962-ல் கான்டெல் பாரிஸுக்குப் போனார், லாடிஸ்லாவ் டாக் என்பவரிடம் அப்ளிசியாவைக் கற்றுக்கொள்ள. ஓடு வெளியே தெரியாத ஒரு பெரிய கடல் நத்தை அது. தலையில் முயல் காது போல இரண்டு நீட்டிக்கொண்டிருப்பதால் கடல் முயல் என்ற பெயரும் உண்டு. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அப்ளிசியாவுக்கு மொத்தமே சுமார் 20,000. அவற்றில் சில வெறும் கண்ணுக்கே தெரியும், ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். இந்த நத்தையில் இது இன்ன நரம்பணு என்று பெயர் வைத்தால், அடுத்த நத்தையிலும் அதே இடத்தில் அதே நரம்பணு இருக்கும். ஆய்வகத்தில் வேலை பார்த்த எவரிடமும் கேளுங்கள், இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்வார்கள். மூத்தவர்கள் பலர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பாலூட்டியின் மூளையை விட்டு நத்தைக்குப் போவது பின்னோக்கிப் போவது என்று அவர்களுக்குப் பட்டது. 1965-ல் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் மனநல மருத்துவத் துறைத் தலைவர் பதவி தேடி வந்தது. அதை மறுத்துவிட்டு நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உளப்பகுப்பாய்வாளராகும் எண்ணத்தையும் அந்தச் சமயத்தில்தான் விட்டார். 36 வயது, குடும்பம், பிள்ளைகள். அந்த முடிவு எளிதாக இருந்திருக்காது.

சரி, நத்தையில் என்ன பார்த்தார்? அப்ளிசியாவின் செவுளுக்கு அருகில் நீர் வெளியேறும் ஒரு சிறு குழல் இருக்கிறது. அதை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும், சூடான பாத்திரத்தில் விரல் பட்டதும் நாம் இழுப்பது போல. திரும்பத் திரும்பத் தொட்டால், ஆபத்தில்லை என்று பழகி, இழுப்பது குறையும். வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தால், அப்புறம் லேசாகத் தொட்டாலே பலமாக இழுக்கும். பயந்துபோன மனுஷன் கதவு சத்தத்துக்கெல்லாம் தூக்கிவாரிப் போடுவது போலத்தான். ஒரு அதிர்ச்சி என்றால் அந்த மிரட்சி சில நிமிடங்கள். இடைவெளி விட்டு நாலைந்து அதிர்ச்சி என்றால் நாள்கணக்கில் நிற்கும். நம் குறுகிய கால நினைவும் நீண்ட கால நினைவும் போலவே இரண்டு வகை. இந்த நடத்தைக்குப் பின்னால் உள்ள சுற்றில் தொடுதலை உணரும் நரம்பணுக்கள் சுமார் 24, செவுளை அசைப்பவை ஆறு. எந்த இணைப்பில் மாற்றம் நடக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. இர்விங் குப்ஃபர்மன், வின்சென்ட் காஸ்டெலூச்சி, ஹெரால்ட் பின்ஸ்கர் ஆகியோரோடு 1970-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட மூன்று கட்டுரைகள் இதன் அடித்தளம்.

அடுத்த கட்டத்தில்தான் மூலக்கூறுகள் வருகின்றன. வாலில் அதிர்ச்சி பட்டதும் இடைநரம்பணுக்கள் செரோடோனின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. அது உணர் நரம்பணுவின் முனையில் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை அதிகரிக்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த நொதி சில பொட்டாசியம் வாய்க்கால்களை மூடவைக்கிறது. அதனால் துடிப்பு கொஞ்சம் நீள்கிறது, கால்சியம் அதிகமாக உள்ளே வருகிறது, முனை அதிகமாக வேதிச் செய்தியைக் கொட்டுகிறது. இணைப்பு பலமாகிவிடுகிறது, சில நிமிடங்களுக்கு. இதை ஜேம்ஸ் ஷ்வார்ட்ஸுடன் சேர்ந்து படிப்படியாகக் கண்டார். 1980-ல், பிற்பாடு நோபல் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்ட பால் கிரீன்கார்டின் குழுவோடு சேர்ந்து, அந்த நொதியையே நரம்பணுவுக்குள் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். அதிர்ச்சியே இல்லாமல் இணைப்பு பலமானது.

நீண்ட கால நினைவுக்கு இது போதாது. புதிய புரதங்கள் உருவாகாவிட்டால் நீண்ட கால நினைவு நிலைக்காது என்று எலி, பொன்மீன் ஆகியவற்றில் மற்றவர்கள் அறுபதுகளிலேயே காட்டியிருந்தார்கள். எந்த நரம்பணுவில், எந்த மரபணு என்பது தெரியாமல் இருந்தது. அதற்கு மூலக்கூறு உயிரியல் தெரிய வேண்டும். கான்டெலுக்குத் தெரியாது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. கொலம்பியாவில் இருந்த ரிச்சர்ட் ஆக்செலிடம் போய், தன்னைவிடப் பதினேழு வயது இளையவரிடம், மரபணுக்களைக் கையாளக் கற்றுக்கொண்டார். இருவரும் ஷெல்லர் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து அப்ளிசியாவின் முட்டையிடும் ஹார்மோனுக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். (ஆக்செல் இந்தக் கூட்டுறவால் நரம்பியலுக்கு இழுக்கப்பட்டு, வாசனை உணர்வு பற்றி ஆராய்ந்து 2004-ல் நோபல் வாங்கினார்.) அவருடைய வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஓர் ஆய்வு மையத்துக்கே இயக்குநராக இருந்த ஒரு மனுஷர் மறுபடி மாணவராக உட்கார்ந்திருக்கிறார்.

பின்னால் நடந்தது வேகமாக நடந்தது. ஒரே ஒரு உணர் நரம்பணுவையும் ஒரே ஒரு இயக்க நரம்பணுவையும் தட்டில் வளர்த்து, ஒருமுறை செரோடோனின் விட்டால் நிமிடக்கணக்கில், ஐந்து முறை விட்டால் ஒரு நாளுக்கு மேல் இணைப்பு பலமாக நிற்பதை 1986-ல் காட்டினார்கள். புரத உற்பத்தியைத் தடுத்தால் இரண்டாவது மட்டும் காணாமல் போனது. 1990-ல் அதற்குக் காரணமான மரபணுச் சாவி ஒன்றும் பிடிபட்டது. கிரெப் என்று அதற்குப் பெயர். திரும்பத் திரும்பத் தூண்டும்போது அந்தக் கைனேஸ் நொதி நரம்பணுவின் உட்கருவுக்குள்ளேயே போய் கிரெப்பைத் தூண்டுகிறது. கிரெப் சில மரபணுக்களை விழிக்கவைக்கிறது. புதிய புரதங்கள் வருகின்றன, புதிய இணைப்புகள் முளைக்கின்றன. கிரேக் பெய்லியும் மேரி செனும் மின்னணு நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தார்கள். பழகாத நத்தையில் ஓர் உணர் நரம்பணுவுக்குச் சுமார் 1,300 இணைப்பு முனைகள், மிரட்சி பழகிய நத்தையில் சுமார் 2,700. ஓர் அனுபவம் மூளையின் உருவத்தையே மாற்றுகிறது என்பதை எண்ணிக்கை போட்டுக் காட்டினார்கள்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்கிறேன். சைக்ளிக் ஏ.எம்.பி. முதல் கிரெப் வரையான பாதை நினைவுக்கு முக்கியம் என்பது உறுதி. நத்தையில் மட்டும் பார்த்திருந்தால் நானே சந்தேகப்படுவேன். சீமோர் பென்சர் என்ற மரபியலாளரின் ஆய்வகத்தில் 1976-ல் கிடைத்த, எதையும் கற்றுக்கொள்ள முடியாத ஒரு பழ ஈ வகையில் கெட்டுப்போயிருந்தது சைக்ளிக் ஏ.எம்.பி.யை உடைக்கும் நொதியின் மரபணு. 1994-ல் பழ ஈயிலும் சுண்டெலியிலும் கிரெப்பின் வேலையைக் கெடுத்தபோது நீண்ட கால நினைவு பாதித்தது. நத்தை, ஈ, எலி, மூன்று வழியில் போனவர்களும் ஒரே கதவில் வந்து முட்டினார்கள். உறுதியில்லாதது, அந்த நினைவு வருஷக்கணக்கில் எப்படி நிலைக்கிறது என்பது. புரதங்கள் சில நாளில் சிதைந்துவிடும், நினைவு சிதைவதில்லையே? பிரியான் என்ற தொற்றும் புரதத்தைப் போலத் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் ஒரு புரதம் காரணம் என்று கான்டெல் குழு 2003-ல் முன்வைத்தது. ஆதாரங்கள் உண்டு, ஆனால் துறை முழுக்க ஏற்ற முடிவாக அது இன்னும் ஆகவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1979-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழிலும், 1998-ல் அமெரிக்க மனநல மருத்துவ இதழிலும் கான்டெல் தன் துறையினருக்கு நேராகவே எழுதினார். சாராம்சம் இதுதான்: மரபணுவுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, அச்சு மாதிரி அடுத்த தலைமுறைக்குப் போவது. அதை நம் அனுபவம் மாற்றாது. இன்னொன்று, அந்தந்த நரம்பணுவில் அந்தந்த நேரத்தில் எந்தப் புரதத்தை எவ்வளவு உருவாக்குவது என்பது. இந்த இரண்டாவது வேலை, நாம் கற்பது, பயப்படுவது, பிறரோடு பழகுவது எல்லாவற்றாலும் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே 'மூளை நோய்' ஒரு பக்கம், 'மன நோய்' இன்னொரு பக்கம் என்ற பிரிவினைக்கு அடிப்படை இல்லை. பரம்பரையா வளர்ப்பா என்ற சண்டையும் தப்பாகப் போடப்பட்ட சண்டை. பேச்சு மூலம் தரும் சிகிச்சை பலனளிக்கிறது என்றால், அதுவும் கற்றலின் வழியாக, மரபணுக்களின் செயல்பாட்டையும் நரம்பணு இணைப்புகளையும் மாற்றித்தான் பலனளிக்க வேண்டும்.

எங்கள் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் இதை அவளுக்குச் சொல்லியிருப்பேன். ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் பாதிப் பேருக்குத்தான். மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அது தலையெழுத்து இல்லை. அதே சமயம் 'அம்மா சரியாக வளர்க்கவில்லை' என்பதற்கும் ஆதாரம் கிடையாது. நோயாளியின் குடும்பத்துக்கு இது மருந்துக்குச் சமமான செய்தி என்று நான் நம்புகிறேன். இதைக் கான்டெல் ஒருவர்தான் கொண்டுவந்தார் என்று சொல்ல மாட்டேன், இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் ஆராய்ந்தவர்களுக்கு அதில் பெரும்பங்கு. ஆனால் அனுபவம் மரபணுவைத் தொடுகிறது என்பதை ஒரு நரம்பணுவுக்குள் காட்டியவர்களில் அவர் முதல் வரிசையில் இருக்கிறார்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. பேச்சு சிகிச்சை மனித மூளையில் இன்ன மரபணுவை மாற்றுகிறது என்று யாரும் நேரடியாகக் காட்டவில்லை. உயிரோடிருப்பவரின் மூளையைக் கிள்ளி எடுத்துப் பார்க்க முடியாது, ரத்தத்தில் தெரியும் மாற்றம் மூளையின் மாற்றம் ஆகாது. நம்மிடம் இருப்பது மூளைப் படங்கள். லூயிஸ் பாக்ஸ்டர் 1992-ல், ஓ.சி.டி. (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய்) நோயாளிகளில் மாத்திரையால் குணமானவர்களுக்கும் நடத்தைப் பயிற்சியால் குணமானவர்களுக்கும் மூளையின் காடேட் என்ற பகுதியில் ஒரே மாதிரி மாற்றம் தெரிந்தது என்று காட்டினார். அழகான ஆய்வு, ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது. "உங்கள் ஜீனையே மாற்றித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்கிற ஆலோசனை மையங்களைப் பார்த்தால் தள்ளியே இருங்கள்.

மனநோய்க்கு மிக நெருக்கமாகக் கான்டெல் வந்தது எலிகளில்தான். தொண்ணூறுகளில் அவர் குழுவில் மார்க் மேஃபோர்டு ஓர் எலி வகையை உருவாக்கினார். முன்மூளையில் மட்டும் ஒரு மரபணுவை இயங்கவிட்டு, டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் அணைத்துவிடலாம். சுவிட்சு மாதிரி. நான் பல வருஷம் வேலை பார்த்தது இந்த முறையில்தான். (ஒருமுறை விலங்குக் கூடத்தில் தீவனம் மாறிப்போய் எங்கள் ஆறு மாத உழைப்பு குப்பைக்குப் போனது. அந்த வாரம் நான் யாரோடும் பேசவில்லை.) இந்தச் சுவிட்சை வைத்து 2006-ல் கான்டெலும் எலினார் சிம்சனும் கிறிஸ்டோஃப் கெல்லன்டாங்கும் ஒரு சோதனை செய்தார்கள். மனச்சிதைவு நோயாளிகள் சிலரின் மூளையில், ஸ்டிரையேட்டம் என்ற பகுதியில், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை ஏற்கும் டி2 என்ற ஏற்பி அதிகம் என்று படங்கள் காட்டியிருந்தன. எலியின் அதே பகுதியில் டி2-ஐக் கொஞ்சம் கூட்டினார்கள். சில நொடிகளுக்கு ஒரு தகவலை மனதில் பிடித்துவைத்து வேலை செய்யும் திறன் அந்த எலிகளுக்குக் குறைந்தது. அந்தத் திறன் முன்மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது, கைவைத்ததோ ஸ்டிரையேட்டத்தில். அதன்பின் சுவிட்சை அணைத்தார்கள். டி2 பழைய அளவுக்கு வந்தது. எலியின் குறை போகவில்லை.

எனக்கு இதைப் படித்த நாள் நினைவிருக்கிறது. சித்தப்பா நாற்பது வருஷத்தில் பல மாத்திரைகள் மாறினார். மனச்சிதைவுக்கான அந்த மாத்திரைகள் அநேகமாக எல்லாமே டி2-ஐத் தடுப்பவை. குரல் கேட்பது நின்றது, சந்தேகம் குறைந்தது. ஆனால் பழையபடி கணக்கு எழுத, ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க, அவரால் கடைசிவரை முடியவில்லை. சோம்பல் என்று வீட்டில் திட்டினார்கள். இந்த எலிச் சோதனை சரியென்றால், வளரும் பருவத்தில் நடந்த ஏற்றத்தின் பாதிப்பு வேறு இடத்தில் பதிந்துவிட்டது, பிற்பாடு டி2-ஐ அடைத்தாலும் அது திரும்பாது. "சரியென்றால்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். எலிக்குக் குரல் கேட்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. நோயின் ஒரு துண்டைத்தான் எலியில் பார்க்க முடியும். 2022-ல் நேச்சர் இதழில் வந்த மாபெரும் மரபணு ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 இடங்களை நம் மரபுத்தொகுதியில் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அதில் ஒரு மரபணுவை எலியில் மாற்றி மொத்த நோயையும் விளக்குவது நடக்காத காரியம்.

மருந்துப் பக்கம் கான்டெல் முயற்சி செய்யாமல் இல்லை. சைக்ளிக் ஏ.எம்.பி. உடைவதைத் தடுக்கும் ரோலிபிராம் எலிகளின் நினைவைக் கூட்டியது, ஆனால் அந்த மருந்து மனுஷர்களுக்குக் குமட்டலைத் தந்தது. 1998-ல் மூலக்கூறு உயிரியலாளர் வால்டர் கில்பர்ட் போன்றவர்களோடு சேர்ந்து நினைவு மருந்துகளுக்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். 2008-ல் ரோஷ் நிறுவனம் அதை வாங்கியது. விற்பனைக்கு எந்த மருந்தும் வரவில்லை. 2000-ல் அவரோடு நோபலைப் பகிர்ந்த அர்விட் கார்ல்சனோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டோபமைன் மூளையின் ஒரு செய்தி வேதிப்பொருள் என்று கார்ல்சன் ஐம்பதுகளின் கடைசியில் காட்டியதிலிருந்து, பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா சில வருஷங்களில் வந்துவிட்டது. பார்க்கின்சனில் என்ன குறைகிறது என்று தெரியும், எங்கே குறைகிறது என்றும் தெரியும். மனச்சோர்விலும் மனச்சிதைவிலும் இன்றுவரை அப்படிக் கையில் பிடித்துக் காட்ட ஒன்று கிடைக்கவில்லை. நத்தை ஆராய்ச்சி மாத்திரையாக மாறாததற்கு முக்கியக் காரணம் இது என்பது என் கணிப்பு.

இனி உங்கள் தங்கை மகனைப் பற்றி. போகட்டும் என்பதுதான் என் பதில், சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போகட்டும். கான்டெல் முதன்முதலில் அப்ளிசியாவைக் கையில் எடுத்தது 1962, கிரெப் 1990, டி2 எலி 2006. இந்த வருஷங்களை அவனிடம் காட்டுங்கள். முப்பத்தைந்து வயதுவரை உதவித்தொகையில் ஓட்ட வேண்டியிருக்கும், கூடப் படித்தவர்கள் கிளினிக் போட்டு வீடு கட்டிவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்தால் பெரிய உதவி. எம்.டி.யை அரைமனதாகப் படிக்க வேண்டாம். வார்டில் ஒவ்வொரு நோயாளியின் குடும்ப வரலாற்றையும் மூன்று தலைமுறைக்கு எழுதப் பழகட்டும். ஆய்வகத்தில் வெறும் உயிரியல் படித்த என் போன்றவர்களிடம் இல்லாத சொத்து அது. எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது என்று எங்களுக்குத் தெரிய ரொம்ப நாளாகும். நத்தைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. பெங்களூரில் நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் சேர்ந்து, ஒரே வீட்டில் பலருக்குக் கடுமையான மனநோய் உள்ள குடும்பங்களைப் பல வருஷமாகப் பின்தொடர்கிறார்கள். அவர்களுடைய ரத்த அணுக்களிலிருந்து, வேறு வகை அணுக்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்களை உருவாக்கி, நரம்பணுக்களாக வளர்த்துப் பார்க்கிறார்கள். எலியில் தெரியாததை அந்த நோயாளியின் நரம்பணுவிலேயே தேடும் வழி அது. மனநல மருத்துவரும் மூலக்கூறு உயிரியலாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை. எம்.டி. படிக்கும்போதே விடுமுறையில் இரண்டு மாதம் இப்படி ஓர் இடத்தில் போய் இருந்து பார்க்கட்டும். பிப்பெட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரே சோதனையைப் பத்தாவது தடவை செய்யும்போதும் அவனுக்கு அலுக்கவில்லை என்றால் இந்த வேலை அவனுக்குச் சரிப்படும். பிற்பாடு முனைவர் பட்டத்துக்கு ஆய்வகம் தேர்ந்தெடுக்கும்போது, வழிகாட்டி எவ்வளவு பெரிய பெயர் என்று பார்க்கிறதைவிட, அந்த ஆய்வகத்தில் கடைசியாகப் பட்டம் வாங்கிய நாலைந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கே ஃபோன் போட்டுப் பேசலாம், அநேகமாக எல்லோரும் மனம்விட்டுப் பேசுவார்கள்.